வணக்கத்தில் எத்தனை எழுத்து

அந்தப் பெயர்ப்பலகைப் பட்டறையில் புள்ளிகளுக்கென்று தனியாக ஒரு தகர டப்பா உண்டு. எஃகுத் தகட்டில் எழுத்துகளை வெட்டியெடுத்துப் பலகையில் ஒட்டிக் கொடுப்பதுதான் அங்கே தொழில். 'க' என்பது ஒரு துண்டு. அதன் தலையில் உட்கார வேண்டிய புள்ளி இன்னொரு துண்டு. சட்டைப் பொத்தானை விடச் சின்னது, தரையில் விழுந்தால் போனது போனதுதான். துணைக்கால் தனி, கொம்பு தனி. வாயில் ஒன்றாகப் பிறக்கிற எழுத்து பட்டறைக்குள் வந்ததும் தலை வேறு கால் வேறு ஆகிவிடும். எத்தனையோ கதவுகளில் மெய்யெழுத்துகள் புள்ளியைத் தொலைத்துவிட்டு உயிர்மெய்யாக நின்றுகொண்டிருக்கின்றன. இலக்கணத்தில் அதற்கு என்ன பெயரோ, பட்டறையில் அதற்குப் பெயர் மட்டமான பசை.

அங்கே இருபத்திரண்டு வருடமாக அளவு சொல்லி வந்தவள் ஒருத்தி. ஊரார் பெயரையெல்லாம் எஃகில் பொறித்துக் கொடுக்கிற இடத்தில் அவள் பெயரை ஒருவரும் சொல்வதில்லை. எல்லாருக்கும் அவள் அளவக்கா. அளவே இல்லாதது அவள் பேச்சு ஒன்றுதான் என்பதால் அந்தப் பெயர் இன்னும் பொருத்தமாக நிலைத்துவிட்டது.

அவள் வேலை இதுதான். யாராவது ஒரு பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அதைப் பார்த்து, பலகை எத்தனை எழுத்து நீளம் வேண்டும் என்று அவள் ஓரத்தில் எழுதுவாள். "எட்டேகால்" என்று எழுதினால் தகட்டுக்காரர் எட்டேகால் எழுத்து நீளத்துக்கு வெட்டி அனுப்பிவிடுவார். வெட்டிய தகடு வெட்டியதுதான், திருப்பி வாங்கமாட்டார். நீளம் கூடிப் போனால் பலகையில் எழுத்துகள் பல் விழுந்த வாய் மாதிரி நிற்கும். குறைந்து போனால் நெரிசலில் கடைசி எழுத்து படியில் தொங்கிக்கொண்டு வரும். அளவக்கா சீட்டைப் பார்ப்பாள், உதடு லேசாக அசையும், இடது கை விரல்கள் மடங்கி விரியும், எண் வந்துவிடும். கொஞ்சம்தான் இருக்கிறது என்பதற்கு 'விரல் விட்டு எண்ணிவிடலாம்' என்று சொல்கிற மொழியில், அந்த நகரத்துக் கதவுகளில் பாதியை அவள் விரல் விட்டு எண்ணியிருந்தாள்.

அப்புறம் வலது கண்ணில் புரை விழுந்தது.

முதலில் எழுத்துகளுக்கு மீசை முளைத்தது. பிறகு எல்லாப் புள்ளிகளும் இரண்டிரண்டாக ஆயின. மருத்துவர் பார்த்துவிட்டு அறுவை சிகிச்சைக்கு ஆறு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை தேதி கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு மாதம் உற்றுப் பார்க்கிற வேலை எதுவும் கூடாது.

இதில் ஒரு வேடிக்கை. அதே மருத்துவமனை புதுக்கட்டடம் கட்டியிருந்தது. அதன் இருநூற்றுப் பதினான்கு கதவுகளுக்கும் பலகை செய்கிற வேலை இந்தப் பட்டறைக்குத்தான் வந்திருந்தது. எந்த அறைக்கு என்ன பெயர் என்று முடிவு செய்ய அங்கே ஒரு குழு கூடிக்கொண்டே இருந்தது. பட்டியல் கைக்கு வரும் நாள் என்று அவர்கள் சொன்னதும் அதே வாரம்தான். அவளுடைய கண்ணைக் கட்டப் போகிறவர்களே அவளுடைய கண்ணுக்கு வேலையும் வைத்திருந்தார்கள்.

முதலாளி நல்லவர். நல்லவர்கள் கெட்ட செய்தி சொல்லும்போது முதலில் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். இழுத்துப் போட்டார்.

"உங்க கண்ணை நான் குறை சொல்லலைம்மா. ஆனா ஒரு மாசம் பலகை காத்திருக்காது. வெளியில ஒரு ஆபீஸ் இருக்கு, சீட்டை அனுப்பினா அளவைப் போட்டு அனுப்பிடுவாங்க. வருஷ ஒப்பந்தமாத்தான் எடுப்பாங்களாம்."

"அப்ப நான் திரும்பி வந்தா?"

"பேக்கிங்ல உக்காருங்க. அங்க வெளிச்சம் கம்மி, கண்ணுக்கு நல்லது."

அளவக்காவின் மேசை வடக்கு ஜன்னலோரம் இருந்தது. நாள் முழுக்க நிழல் விழாத வெளிச்சம். இருபத்திரண்டு வருடத்தில் அவள் சம்பளத்தைப் பற்றி இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறாள். மேசையைப் பற்றி யாரும் பேச்செடுத்ததே இல்லை.

"இங்கேயே யாராவது அளவு போட்டுட்டா?" என்று கேட்டாள்.

"தாராளமா. முதல் பத்துப் பலகை சரியா வந்துட்டா நான் ஏன் வெளியில போறேன்? ஒரு தடவை நான் அந்த ஆபீஸுக்கு ஃபோனைப் போட வேண்டி வந்துச்சுன்னா, அப்புறம் ஒப்பந்தம்தான்."

அன்று மத்தியானமே எழுத்து ஒட்டுகிறவனைப் பிடித்தாள். பட்டறையில் அவனுக்கு மௌனம் என்று பெயர். வெட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் பதினைந்து வருடம் நின்றதில், நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் அவனுக்குப் பேச வரும். அவன் ரகசியம் சொன்னால் பக்கத்துப் பட்டறையில் பதில் சொல்வார்கள்.

"சீட்டைப் பாரு தம்பி. அப்புறம் மனசுல பலகையைப் பாரு. நீளம் தானா தெரியும்."

மௌனம் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"இருட்டாத்தான் இருக்குக்கா."

தனக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்ல முடியவில்லை என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கற்றது போதாமல் விழிப்பவர்கள் உண்டு. அளவக்கா கற்றது மிஞ்சி விழித்தாள்.

பொது நூலகத்தின் வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. கணினி மொழி, ஐந்து சனிக்கிழமை காலை, கட்டணமில்லை, முன் அனுபவம் தேவையில்லை. 'தேவையில்லை' என்ற சொல்லில் எழுத்துகள் நெருங்கி நின்றதைத்தான் அவள் முதலில் கவனித்தாள். அப்புறம்தான் பொருள் உறைத்தது.

வகுப்பு எடுத்தவர் நூலகரே. அளவக்காவின் வயதுதான் அந்த அம்மாளுக்கும். மூக்குக் கண்ணாடியைக் கண்ணுக்கு மாட்டியதை விடத் தலைக்கு மாட்டிய நேரம் அதிகம். ஒன்பது பேர் வந்திருந்தார்கள்.

"இந்த மொழிக்குப் பேரு பைத்தான்," என்றார் நூலகர். "புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதுதான் லேசு."

"அது மலைப்பாம்பு பேர் இல்லையா?" என்றாள் அளவக்கா.

"ஆமா. விஷம் கிடையாது. கொஞ்சம் இறுக்கும், அவ்வளவுதான்."

முதல் பாடம் ஒரே ஒரு வரி. 'பிரிண்ட்' என்று கட்டளை போட்டு, அடைப்புக்குறிக்குள் மேற்கோள் குறி வைத்து, நடுவில் வணக்கம் என்று எழுத வேண்டும். எழுதினாள். விசையை அழுத்தினாள். கீழே 'வணக்கம்' என்று வந்து நின்றது.

மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சொல் கண்ணெதிரே வந்து நிற்பதற்கு என்னென்ன ஆகும் என்று அந்த அறையில் அளவக்காவுக்கு மட்டும்தான் தெரியும். தகட்டுக்காரருக்குச் சொல்லி, வெட்டி, தேய்த்து, பசை தடவி, புள்ளியைத் தேடி, மௌனத்தைத் திட்டி, மூன்று நாள் ஆகும். இங்கே சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டது. இன்னொரு வரி சேர்த்து ஆயிரம் முறை சொல்லு என்றாள். கண் இமைப்பதற்குள் ஆயிரம் வணக்கங்கள் மேலேறிப் போயின, ஒன்றில்கூடப் புள்ளி குறையவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வாயை மூடியிருப்பது எவ்வளவு அபூர்வம் என்று நூலகருக்குத் தெரியாது. தலைவலியா என்று கேட்டார்.

இரண்டாவது சனிக்கிழமை, அவள் எதற்காக வந்தாளோ அது வந்தது. ஒரு சொல்லின் நீளத்தைக் கேட்கிற கட்டளை. அதற்கு 'லென்' என்று பெயர். அளவக்கா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். இந்த ஒன்று தெரிந்தால் போதும். இருநூற்றுப் பதினான்கு சீட்டையும் மௌனம் இதன் வாயில் போட்டு எடுத்துவிடுவான். வணக்கத்தின் நீளம் என்ன என்று கேட்டாள்.

ஏழு என்றது.

விரலை மடக்கினாள். வ, ண, க், க, ம். ஐந்து. மறுபடி கேட்டாள். மறுபடியும் ஏழு. பதட்டமில்லாமல், தன் பேரில் சந்தேகமே இல்லாமல் ஏழு.

"இதுக்கு எண்ணத் தெரியலைங்க," என்றாள் சத்தமாக. "ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை சொல்லும் அஞ்சுன்னு. இதுக்கு என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

நூலகர் தலையிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "எண்ணுறதுல அது தப்பு பண்ணாதும்மா. எதை எண்ணுதுன்னுதான் நமக்குத் தெரியலை. ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டச் சொல்லிப் பாருங்க."

அதற்கும் இரண்டே வரிதான். சொல்லுக்குள் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் என்று மேல்வரி. கீழ்வரியை இடது பக்கம் நாலு இடம் விட்டு எழுத வேண்டும். அந்த இடம் விடாவிட்டால் பைத்தான் வேலை செய்யாது. வகுப்பில் மற்ற எட்டுப் பேரும் அதை மறந்து மறந்து திட்டு வாங்கினார்கள். அளவக்கா ஒருமுறைகூட மறக்கவில்லை. வெறும் இடத்துக்கும் அர்த்தம் உண்டு என்று அவளுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருடமாக அவள் அளந்து கொடுத்ததில் பாதி வெறும் இடம்தான்.

விசையை அழுத்தினாள். திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தது. வ. ண. க. நாலாவது வரியில் ஒரு புள்ளி. எழுத்தில்லாத தனிப் புள்ளி. உட்கார இடமில்லாததால், கோட்டுத் துணுக்குகளால் ஆன வெற்று வட்டம் ஒன்றின் தலையில் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே மறுபடி க. அப்புறம் ம. கடைசியில் இன்னொரு புள்ளி, இன்னொரு வெற்று வட்டம்.

அளவக்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதற்குள்ளும் எங்கேயோ ஒரு தகர டப்பா இருக்கிறது.

திங்கட்கிழமை பட்டறைக்குள் நுழைந்ததும், பையைக்கூட வைக்காமல் மௌனத்திடம் போனாள். அவன் குனிந்து பசை கலக்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, வணக்கத்துல எத்தனை?"

"ஏழு," என்றான், நிமிராமல்.

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"யோசிச்சுச் சொல்லுடா."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? வ, ண, ரெண்டு க, ம, ரெண்டு புள்ளி. ஏழு துண்டு எடுத்து வச்சாத்தானே ஒட்ட முடியும்?" நிமிர்ந்தான். "ஏன், நீங்க எத்தனைன்னு நினைச்சீங்க?"

தூரத்து நாட்டில், இந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாதவர்களும் தெரிந்தவர்களுமாகச் சேர்ந்து உட்கார்ந்து எழுத்துகளைக் கணினிக்குள் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் எண்ணுகிற மாதிரி வைக்காமல் மௌனம் எண்ணுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். மெய்யெழுத்துத்தான் மூலம், அதில் அகரம் ஏறித்தான் 'க' பிறந்தது என்பது இலக்கணம். பட்டறையிலும் கணினியிலும் 'க'தான் மூலம். புள்ளி வைத்து அதை அடக்கினால்தான் மெய். ஆயிரம் வருடத்து இலக்கணத்தைத் தலைகீழாக நிறுத்திவிட்டு இரண்டுமே ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தன. இதில் யார் சரி என்று கேட்டால், எல்லாரும்தான். இதை நினைத்து அளவக்கா அன்றைக்கு மூன்று சீட்டுகளைத் தப்பாகப் படித்தாள். கண்ணைச் சொல்லித் தப்பித்தாள்.

ஆனால் ஒரு விஷயம் விளங்கிவிட்டது. பலகையின் நீளம் ஐந்தும் இல்லை, ஏழும் இல்லை. புள்ளி தலையில் உட்காருகிறது, இடம் கேட்பதில்லை. கால் இடம் கேட்கிறது. 'ண' மூன்று சுழியோடு ஒன்றரை எழுத்துக்குக் காலை நீட்டிப் படுக்கும். 'ர' ஓரமாக அரையிலே நின்றுகொள்ளும். இத்தனை வருடம் அவள் விரலுக்குள் இருந்தது இந்தக் கணக்குத்தான். விரலிடம் அவள் கேட்டதே இல்லை. அதுவாகச் சொல்லவும் இல்லை.

மறுநாள் விடியற்காலையில் வீட்டில் ஒரு பழைய நோட்டை எடுத்துப் பட்டியல் போட உட்கார்ந்தாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். மேலே போனவர்களைக் கீழே கொண்டுவருவது ஊரில் தன்னால் மட்டும்தான் முடியும் என்று சொல்லிக்கொள்கிறவர். சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, நடுவுல வராதீங்க. புள்ளி சுழி, பூஜ்யம். கால் முக்கால்."

"கால் எப்படிடி முக்கால் ஆகும்?"

"துணைக்கால். அது முக்கால் இடம் பிடிக்கும்."

"அப்ப கால்னு எதுக்குப் போடுவே?"

"சுழிச்ச உகரத்துக்கு. கு, மு மாதிரி. அதுக்குக் காலே கிடையாது, ஆனா கால்."

அவர் நெற்றியைத் தடவினார். "கால் இருக்கிறதுக்கு முக்கால், கால் இல்லாததுக்குக் கால். கம்ப்யூட்டர் பாவம்டி."

கேலி செய்தாரே தவிர, அவளைத் தடுக்கி விழவைத்த இடத்தில் தூக்கிவிட்டவரும் அவர்தான். வகுப்பில் ஒரு பட்டியலின் முதல் பெயரைக் கேட்டால் கணினி இரண்டாவது பெயரைக் கொடுத்தது. அது எண்ணிக்கையைச் சுழியிலிருந்து தொடங்குகிறது என்று நூலகர் சொல்லியும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஒன்றுமே இல்லாததிலிருந்து எப்படித் தொடங்குவது?

"ஏன், லிஃப்டுல தரைத்தளம் என்ன நம்பர்?" என்றார் அவர். "சுழி. ஆள் நிக்கிறான், கதவு திறக்குது, நம்பர் மட்டும் சுழி. முதல் மாடின்னா ஒண்ணு ஏறினப்புறம். இது தெரியாம இத்தனை வருஷம் என் சம்பளத்துல சாப்பிட்டிருக்கே."

"என் சம்பளத்துலயும் நீங்க சாப்பிட்டிருக்கீங்க. வணக்கத்துல எத்தனை எழுத்துன்னு தெரியுமா?"

"அஞ்சு."

"போங்க, லிஃப்டைப் பாருங்க."

பட்டியல் முடிந்தது. உயிர் பன்னிரண்டு. மெய் பதினெட்டு. கால், கொம்பு, கொக்கி என்று பதினோரு குறி. புள்ளி ஒன்று, ஆய்தம் ஒன்று. எண்ணிப் பார்த்தாள்: நாற்பத்து மூன்று. இருநூற்று நாற்பத்தேழு எழுத்து என்று பிரம்பைக் காட்டிப் படிக்க வைத்தார்களே, அத்தனையும் இந்த நாற்பத்து மூன்றுக்குள் அடங்கிக் கிடந்தது. ஒரு முழு மொழியின் எல்லாக் கதவுகளும் ஒரு நோட்டுத் தாளின் ஒரே பக்கத்தில். அவள் அந்தத் தாளைத் தொடவே கொஞ்சம் தயங்கினாள்.

மூன்றாவது சனிக்கிழமை அந்த நாற்பத்து மூன்றையும் கணினியில் ஏற்றினாள். சொற்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தையும் மறக்காமல் அரை என்று சேர்த்தாள். கூட்டுத்தொகையைப் போட்டு வைக்க ஒரு பெயர் வேண்டும், எந்தப் பெயரும் வைக்கலாம் என்றார் நூலகர்.

"தமிழ்லயே வைக்கலாமா?"

"வைங்க."

'அகலம்' என்று வைத்தாள். அகலம் சுழியில் தொடங்கட்டும். ஒவ்வொரு துண்டாக எடு. பட்டியலில் பார். அகலத்தோடு கூட்டு. இவ்வளவுதான். இருபத்திரண்டு வருடம் ஒன்பது வரியில் நின்றது. போனவாரப் பழைய சீட்டுகளில் பத்தை எடுத்துச் சரிபார்த்தாள். தன் விரல் எழுதியது ஒரு பக்கம், கணினி சொல்வது ஒரு பக்கம்.

பத்தும் தப்பு.

தப்பில்கூட ஓர் ஒழுங்கு இருந்தது. பத்துமே சரியாக இரண்டு எழுத்து குறைவு. சின்னப் பெயரானாலும் இரண்டு, நீளப் பெயரானாலும் இரண்டு. பட்டியலை மேலிருந்து கீழாக மூன்று முறை பார்த்தாள். ஒரு குற்றமும் இல்லை. அந்தச் சனிக்கிழமை போய், அடுத்த சனிக்கிழமையும் போனது. மேசை பேக்கிங் பக்கமாக ஒவ்வொரு அடியாக நகர்ந்து போவது அவள் மனக்கண்ணில் தெரிந்தது; அந்தக் கண்ணில் மட்டும் புரை இல்லை.

கடைசி வாரம் ஒரு மத்தியானம் மௌனம் முடித்து வைத்த பலகை ஒன்றைச் சுவரில் சாய்த்தான். அளவக்கா இடது கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முதல் எழுத்துக்கு முன்னால் பளபளவென்று கொஞ்சம் வெறும் எஃகு. கடைசி எழுத்துக்குப் பின்னால் அதே அளவு வெறும் எஃகு.

"இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எதுக்குடா இடம் விடுறே?"

"நீங்கதானே விட்டுக் குடுக்கிறீங்க? நான் நடுவுல ஒட்டுறேன்," என்றான் மௌனம். "மூச்சு விட வேணாமா அதுக்கு?"

மூச்சு. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அவள் அதை ஒருநாளும் எண்ணியதில்லை. எண்ணாமலே ஒவ்வொரு நாளும் எண்ணியிருக்கிறாள். ஒரு மனுஷி தன்னையே இவ்வளவு காலம் ஏமாற்ற முடியுமா? அதுவும் இத்தனை சரியாக? கணினி முட்டாளாக இருந்தது அவளுக்குச் செய்த பெரிய உபகாரம் என்று சொல்ல வேண்டும். அதற்கு எதையும் குறிப்பால் உணர்த்த முடியாது, 'அதான் தெரியுமே' என்று தலையாட்டாது. ஒன்று விடாமல் சொல்லு, சொல்லாதது எனக்குக் கிடையாது என்று உட்கார்ந்திருக்கும். அதனிடம் சொல்லப் போய்த்தான் அவளுக்கே அவள் விரலில் என்ன இருந்தது என்று தெரிந்தது.

ஐந்தாவது சனிக்கிழமை பத்தாவது வரி சேர்ந்தது. அகலத்தோடு மூச்சைக் கூட்டு. மூச்சு என்றால் இரண்டு. பத்துச் சீட்டும் அப்படியே வந்தன. எட்டேகால் எட்டேகாலாக, ஐந்தரை ஐந்தரையாக. நூலகர் கைதட்டினார். அளவக்காவுக்குக் கண்ணில் நீர் வந்தது. புரைக்கண்ணிலும் வந்தது.

"பட்டியல்ல இல்லாத ஏதாவது வந்தா என்ன செய்யும்?" என்று கேட்டார் நூலகர்.

"அதான் நாப்பத்து மூணும் இருக்கே."

"இருந்தாலும் ஒரு வார்த்தை எழுதி வைங்க. இல்லேன்னா அது பாட்டுக்கு இங்கிலீஷ்ல திட்டிட்டு நின்னுடும்."

என்ன எழுதுவது என்று யோசித்தாள். பட்டறையில் இத்தனை வருடமாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது எதுவோ அதையே எழுதினாள். அன்று மத்தியானமே எல்லாவற்றையும் பட்டறைக் கணினியில் ஏற்றித் தன் மேசையில் வைத்து, சீட்டை எப்படித் தட்டுவது என்று மௌனத்துக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

திங்கட்கிழமை கண்ணைக் கட்டினார்கள். சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குனியக்கூடாது, இருமக்கூடாது, பலமாகச் சிரிக்கக்கூடாது. கணவன் அந்த வாரம் முழுக்க விடுப்பு எடுத்து, ஜோக் சொல்லாமல் இருக்க மிகவும் சிரமப்பட்டார். வியாழக்கிழமை காலை மருத்துவமனையின் பட்டியல் பட்டறைக்கு வந்தது என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. அளவக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஒற்றைக் கண்ணையும் மூடிக்கொண்டு, பட்டறையின் சத்தத்தை நினைவில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்கு ஃபோன் அடித்தது. முதலாளி.

"என்னம்மா, எட்டுப் பலகை வரைக்கும் கடகடன்னு சொல்லுச்சு. பழைய பலகைகளோட ஒத்துப் பார்த்தேன், உங்க அளவேதான். ஒன்பதாவதுல நின்னுடுச்சு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நின்னு?"

"அந்த ஆபீஸுக்கு ஃபோனைப் போடலாம்னு கையில எடுத்தேன். அப்புறம்தான் திரையில என்ன எழுதியிருக்குன்னு படிச்சேன். 'தெரியலை. அளவக்காவைக் கேள்'னு இருக்கு."

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "இதை யாரும்மா சொல்றது? அதுவா, நீங்களா?"

அவள் இங்கே நாற்காலியில் இருக்கிறாள். அவள் சொன்னது அங்கே ஜன்னலோரத்து மேசையில், சரியான நேரம் பார்த்து, அவளில்லாமல் பேசியிருக்கிறது. மருத்துவர் சிரிக்கக்கூடாது என்று சொன்னது நினைவுக்கு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன வார்த்தைங்க?"

"எக்ஸ்ரே."

புரிந்துவிட்டது. மெய் பதினெட்டு என்று பள்ளிக்கூடத்தில் பிரம்பால் அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பதினெட்டில் ஸ கிடையாது. இலக்கணம் வாசலில் நிறுத்திய எழுத்தை மருத்துவமனை நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தது. அவளும் எத்தனையோ பலகைக்கு ஸ அளந்திருக்கிறாள். பட்டியல் போட உட்கார்ந்ததும் கைக்குள்ளிருந்த பட்டறைக்காரி எழுந்து போய் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டது.

கண்ணை மூடினாள். பலகை தெரிந்தது. புள்ளி ஒன்றொன்றும் தெளிவாகத் தெரிந்தது.

"எ ஒண்ணு. க ஒண்ணு, புள்ளி சுழி. ஸ ஒண்ணேகால், புள்ளி சுழி. ர அரை. இரட்டைக் கொம்பு முக்கால். மூச்சு ரெண்டு," என்றாள். "ஆறரை. மௌனத்தைக் கூப்பிட்டுப் பட்டியல்ல ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. ஸ, முக்காற்புள்ளி, ஒண்ணேகால். கையோட ஜ, ஷ, ஹ மூணையும் சொல்றேன், எழுதிக்கச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது. விசைப்பலகை மெதுவாக, ஒவ்வொரு விரலாகத் தட்டப்பட்டது. அப்புறம் மௌனத்தின் குரல் ஃபோனைத் தாண்டி வீடு முழுக்கப் பாய்ந்தது.

"ஆறரை!"

அடுக்களையிலிருந்து கணவன் எட்டிப் பார்த்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பதினொண்ணுதானே ஆகுது?"

அளவக்கா சிரித்துவிட்டாள். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று மாலைக்குள் இருநூற்றுப் பதினான்கு அளவும் முடிந்தது. ஒப்பந்தத் தாளை முதலாளி என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. பசை ஒழுகுகிற டப்பாவுக்கு அடியில் அது பல வாரம் கிடந்தது. ஒரு மாதம் கழித்து அவள் திரும்பி வந்தபோது மேசை அதே ஜன்னலோரம் இருந்தது. பக்கத்தில் கணினிக்கு ஒரு ஸ்டூல் மட்டும் கூடியிருந்தது. அது ஸ்டூல்தான், நாற்காலி இல்லை என்பதில் மௌனம் உறுதியாக இருந்தான்.

அதற்குள் ஒருநாள் கண்ணைக் காட்டப் புதுக்கட்டடத்துக்குப் போக வேண்டியிருந்தது. லிஃப்டில் கணவன் சுழியை அழுத்தாமல் இரண்டை அழுத்தினார். கதவு திறந்தது. நீண்ட தாழ்வாரம், இரண்டு பக்கமும் கதவுகள், ஒவ்வொரு கதவிலும் ஒரு பலகை. புதுக்கண் தாழ்வாரத்தின் கடைசி வரை போனது. அங்கே, முன்னால் நினைத்தும் பார்த்திராத தூரத்தில், எக்ஸ்ரே என்று துல்லியமாகத் தெரிந்தது. இந்தப் பக்கம் ஒரு மூச்சு. அந்தப் பக்கம் ஒரு மூச்சு. புள்ளி இரண்டும் இருந்தன. இத்தனை பலகைகள், ஒன்றைக்கூட அவள் பார்த்து அளக்கவில்லை, ஒன்றுகூட அவள் அளவு இல்லாமல் இல்லை.

"அம்சமா இருக்குடி," என்றார் கணவன். "யாரு போட்ட அளவு?"

நான் என்று சொல்ல வாயெடுத்தாள். அது முழுக்க உண்மையில்லை. கணினி என்று சொல்லப் பார்த்தாள். அதுவும் இல்லை. வேறு சொல் தேடித் தாழ்வாரத்தின் நடுவில் நின்றாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அளவக்காவின் பேச்சுக்கு ஓர் அளவு வந்தது. ஒரு நிமிடம் முழுக்க அவள் எதுவும் சொல்லவில்லை.